நடந்து போன வீடு

தொலைந்துபோன படம் ஒன்றைத் திரும்ப எடுக்கப்போகிறோம் என்று உங்களில் சிலர் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, எந்த லென்ஸ் பொருந்தும், பழைய கறுப்பு வெள்ளையின் புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் கொண்டுவர முடியுமா என்றெல்லாம் கேட்டீர்கள். அதற்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்ல உங்கள் வயதிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். நான் கேமராவைக் கீழே வைத்துப் பல வருஷம் ஆகிறது. நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்கிறேன். ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போது, படத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கோபத்தோடு அதற்குள் நடந்து வந்தால் என்ன செய்வீர்கள்? நாங்களும் ஒரு தொலைந்த படத்தைத் திரும்ப எடுத்தபோது அது நடந்தது. கீழ்வேளூருக்குக் கிழக்கே, சம்பா அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவில், ஒரு பிற்பகலில்.

எண்பதுகளில் நாங்கள் மூன்று பேர். மனோகரன் சென்னையில் பெரிய கம்பெனிப் படங்களுக்கு உதவி எடிட்டர். கோமதி தஞ்சாவூரில் நாடகக் குழு நடத்தியவர்; நடிகர்களையும் டேப் ரெக்கார்டரையும் அவர் பார்த்துக்கொள்வார். நான் ஜமால், திருவாரூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகன், கேமரா என்னுடையது. மூன்று பேரும் யாரும் கேட்காத சோதனைப் படங்களை எடுத்துக்கொண்டிருந்தோம். மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வருவதை மட்டுமே நான் ஒரு படமாக எடுத்தேன். காய்ந்த வாய்க்கால், காய்ந்த வாய்க்கால், பிறகு ஒரு நுரை. முழுவதையும் பொறுமையாகப் பார்த்த என் அத்தா, "தண்ணிதான் வந்துடுச்சே, அப்புறமும் ஏன் ஓடிக்கிட்டே இருக்கு?" என்று கேட்டார். எங்களுக்குக் கிடைத்த விமர்சனங்களில் நேர்மையானது அதுதான்.

இனி அந்தத் தொலைந்த படம். 'மனைக்கட்டு' என்று பெயர். எனக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் எடுத்தது. தன் படத்திலேயே தன் பெயரைப் போடாத மனிதர் என்பதால் நானும் இங்கே போடவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. டெல்டாவில் கூலிக்குச் சண்டை, குத்தகைக்குச் சண்டை, குடியிருக்கும் மனைக்கும் சண்டை. ஒரு பக்கம் செங்கொடி ஊர்வலம், மறுபக்கம் மிராசுதார்களின் கூட்டம், நடுவில் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கும் போலீஸ். பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கும் கூலிக்காரர்களுக்கு அந்த மனை சொந்தமாகிவிடும் என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு எழுந்தது. சட்டம் வருவதற்குள் சில பண்ணைகளில் முந்திக்கொண்டார்கள். குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டால் அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்று ஆகிவிடும் அல்லவா? அப்படி மனையை இழந்த ஒரு குடும்பத்தைத்தான் அவர் படமாக்கினார். அந்தக் குடும்பத்தின் இளம் மருமகள் அஞ்சலையே அதில் கதாநாயகி.

கதை சின்னது. பண்ணை ஆட்கள் குடிசையைப் பிரிக்கிறார்கள். அஞ்சலை அழுகிறாள். பிறகு தெருவே திரண்டு வந்து அதே மனையில் குடிசையைத் திரும்ப எழுப்புகிறது. எழுப்புவது முழுவதும் ஒரே ஷாட், இடையில் வெட்டு கிடையாது. கடைசியில் பண்ணையார் வந்து நிற்கிறார். படம் முடிகிறது.

அது கறுப்பு வெள்ளை ஊமைப் படம். நெகட்டிவ் இல்லாத வகைச் சுருள்; எடுத்ததே பிரதி, வேறு பிரதி இல்லை. நாகப்பட்டினம் பக்கம் புயல் அடித்து, கடல் ஊருக்குள் வந்த ஒரு வருஷம் அது பெட்டியோடு போய்விட்டது. எடுத்தவரும் அதிக நாள் இருக்கவில்லை. அவர் போன பிறகு, "அதை நாமே திரும்ப எடுத்தால் என்ன?" என்று முதலில் கேட்டவர் கோமதி. மனோகரன் உடனே ஒரு நிபந்தனை போட்டான். "எடுத்தா அச்சு அசலா அதையே எடுக்கணும். நம்ம சொந்தச் சரக்கு ஒண்ணும் சேரக் கூடாது."

எங்கள் மூவரில் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தவர் யாரும் இல்லை. பார்த்தவர்கள் கீழ்வேளூரைச் சுற்றிய ஊர்களில் இருந்தார்கள். களத்து மேட்டில் வேட்டியைக் கட்டித் திரையாக்கி அவர் காட்டியிருந்தார். ஆகவே சைக்கிளில் ஊர் ஊராகப் போய், படத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டோம். டீக்கடைக்காரர் முருகையன் வடையைச் சுட்டுக்கொண்டே முழுப் படத்தையும் நடித்துக் காட்டினார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திருத்தினார்கள். ஒருவருக்குப் பண்ணையார் குடை பிடித்து வந்தார். இன்னொருவருக்கு வில்வண்டியில் வந்தார். மூன்றாமவர், பண்ணையார் வரவே இல்லை, குரல் மட்டும் வந்தது என்றார். ஊமைப் படத்தில் குரல் எப்படி வந்தது என்று மனோகரன் கேட்டதற்கு, "எங்களுக்குக் கேட்டுச்சு தம்பி, நான் என்ன பண்ண?" என்றார். இரண்டு விஷயங்களில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். அஞ்சலை அழுதாள். வீடு எழுந்தது.

அஞ்சலை அக்காவுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அரசாங்கம் கட்டிக்கொடுத்த காலனியில், கொழுந்தன் காத்தையனுடைய ஒற்றை அறை வீட்டில் நெருக்கிக்கொண்டு இருந்தார். பழைய மனை ரோட்டுக்கு இந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அது தனக்குச் சேரவேண்டும் என்று தாலுகா ஆபீஸில் மனு போட்டு, ஒவ்வொரு தாசில்தாராகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். கூலிச் சண்டை என்றால் சங்கத்தின் சார்பில் முன்னால் நிற்பவர். பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. பழைய படத்தைப் போலவே இதிலும் நடிக்க அவரைக் கேட்டோம்.

"நடிக்கிறேன்" என்றார். "ஆனா அழ மாட்டேன்."

மனோகரன் பதறிப்போனான். "அக்கா, படத்தைப் பாத்த அத்தனை பேரும் நீங்க அழுததைத்தான் சொல்றாங்க."

"அவரு அழச் சொன்னாரு, அழுதேன். நெசமா பிரிச்சாங்களே, அன்னைக்கு எனக்கு அழுகை வல்ல தம்பி. ஆத்திரந்தான் வந்துச்சு. இன்னொண்ணும் கேட்டுக்குங்க. படத்துல நாங்க வீட்டைக் கட்டி ஜெயிச்சோம்ல? மறுநாளே பண்ணையாளுங்க வந்து அதையும் பிரிச்சுட்டாங்க. படம் பாத்தவங்களுக்கு அது தெரியாது. கைதட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க."

அன்று திரும்பும்போது மூன்று சைக்கிளும் ஒன்றையொன்று விட்டுத் தள்ளியே போயின. அழுகை இல்லாவிட்டால் அது 'மனைக்கட்டு' இல்லை என்றான் மனோகரன். அவரையே அழச்சொல்லிக் கட்டாயப்படுத்த நீ யார் என்று கோமதி கேட்டார். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகப் பட்டது. அந்த க்ளோஸ்-அப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், முதலில் வீட்டை எழுப்புவோம் என்று சொல்லி இருவரையும் ஒரு மாதிரி நிறுத்திவைத்தேன். எங்களிடம் இருந்தது இரண்டு பெரிய சுருள். ஒன்று வீட்டுக்கு. மற்றது அழுகைக்கு.

மனைக்கு அனுமதி வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பழைய பண்ணையார் இறந்துவிட்டார். அவர் மகன் சேதுராமன் திருவாரூரில் வக்கீல். எங்கள் கடையில்தான் வேட்டி எடுப்பார். தேரோடும் வீதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போய், படம் எடுக்கிறோம், ஒரு பிற்பகல் மட்டும் அந்த மனை வேண்டும், குடிசை போடுவது போலக் காட்சி என்று சொன்னேன். அவர் அப்பாவைப் பற்றிய படம் என்பதையும் மறைக்கவில்லை.

"உங்க அத்தா முகத்துக்காகச் சரிங்கிறேன் ஜமால். ஆனா ஒண்ணு. பொழுது சாயறப்ப என் மனையில குடிசைன்னு ஒண்ணு இருக்கக் கூடாது. வாக்கு குடுக்கறீங்களா?"

"குடுக்கறேன் சார்."

நேராக அஞ்சலை அக்காவிடம் வந்து அதை அப்படியே சொன்னேன்.

"'என் மனை'ன்னா சொன்னாரு?"

"ஆமாக்கா."

"சரி, அன்னைக்குப் பாத்துக்கலாம்."

படப்பிடிப்பு நாளன்று காலையிலிருந்தே காலனியில் ஆள் சேர்ந்துவிட்டது. காத்தையனும் ஆட்களும் மூங்கிலை வெட்டிக் கூரைச் சட்டத்தைத் தரையிலேயே கட்டிவைத்தார்கள். கால்களுக்குக் குழி தோண்டியாயிற்று. பெண்கள் தென்னங்கீற்றை அடுக்கினார்கள். பண்ணையாராக நடிக்க கோமதியின் குழுவிலிருந்து வந்திருந்தவர் பெரிய மீசையை ஒட்டிக்கொண்டு, பட்டுக்கரை வேட்டியில், பனைமரத்து நிழலில் வந்து நிற்கும் தோரணையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சாயத் தொடங்கியதும் கேமராவைத் தோளில் ஏற்றினேன். சுருள் ஓடும் நேரம் பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் வீடு எழ வேண்டும்.

கோமதி கையை உயர்த்தி இறக்கினார்.

கவைக்கால்கள் குழிக்குள் இறங்கின. கூரைச் சட்டத்தை நாலு பக்கமும் பிடித்து, "ஏலேலோ" என்று ஒரே மூச்சில் தூக்கினார்கள். அது தலைக்கு மேலே போய் உட்கார்ந்ததும் பெண்கள் வரிசையாக நின்று கீற்றைக் கைமாற்றினார்கள். நான் வரிசையை ஒட்டி நடந்தேன். வெட்டில்லாத ஷாட்டில் கேமராக்காரனுக்கு மூச்சு விடக்கூடப் பயமாக இருக்கும். ஆனால் அன்று எனக்குப் பயம் வரவில்லை. தெரு தன் வேகத்தில் போனது; நான் அதன் பின்னால் போனேன். அஞ்சலை அக்கா கூரை விளிம்பில், இறவாரத்தில் ஏறி நின்று கயிற்றை இழுத்து முடிந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் ரோட்டில் அம்பாசிடர் வந்து நின்றது.

சேதுராமன் இறங்கினார். கூடவே ஒரு சப் இன்ஸ்பெக்டர். அஞ்சலை தன் மனையில் குடிசை போடுகிறாள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். படம் என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், அல்லது படம் வெறும் சாக்கு என்று அவரே நினைத்துவிட்டார். வரப்பில் வேகமாக வந்தார். மீசை ஒட்டிய எங்கள் பண்ணையார் அவரைப் பார்த்ததும் பனைமரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

அந்த நொடியைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நிறுத்தினால் சுருள் போச்சு, வெயில் போச்சு, தெருவில் ஒரு சண்டை மிச்சம். நிறுத்தாவிட்டால், அனுமதி தந்த மனிதரை அவருக்குத் தெரியாமல் வில்லனாக்குகிறேன். பக்கத்தில் போய் அவர் முகத்தை எடுக்க என் கால் தானாக நகர்ந்தது. நல்ல முகம் அது, கோபம் அப்படியே தெரிந்தது. போகவில்லை. இரண்டு எட்டு பின்னால் வந்தேன். வீடு, தெரு, அவர், போலீஸ் எல்லாம் ஒரே ஃபிரேமுக்குள் வரும்படி நின்றேன். கேமரா ஓடுவதை அவர் கண்ணால் பார்க்கும் இடம் அது. பார்த்தார். அப்படியும் நிற்காமல் உள்ளே வந்தார்.

"யாரைக் கேட்டு இங்க குடிசை போடறீங்க?"

யாரும் கையை நிறுத்தவில்லை. கீற்று வரிசைக்கு நடுவில் சப் இன்ஸ்பெக்டர் வந்து நின்றிருந்தார். பக்கத்துப் பெண் பழக்கத்தில் ஒரு கீற்றை அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவரும் யோசிக்காமல் வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார். இன்னொன்று வந்தது. அதையும் கொடுத்தார். பிறகுதான் என்ன செய்கிறோம் என்று அவருக்கே உறைத்தது.

அஞ்சலை அக்கா இறங்கி வந்து, புதுவீட்டு வாசலில் நின்று, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்கதானேங்க சரின்னு சொன்னீங்க. படம் எடுக்கறோம்."

"படமெல்லாம் இருக்கட்டும். இது யாரு மனைன்னு தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. அதனாலதான் இங்க எடுக்கறோம்."

சேதுராமன் வீட்டைப் பார்த்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் கடைசிக் கீற்று மேலே போனது. கேமராவின் சத்தம் மாறியது. சுருள் முடிந்துவிட்டது.

தொலைந்த படத்தில் பண்ணையார் வந்து நின்ற அதே கணத்தில், நிஜப் பண்ணையாரின் மகன் தானாக வந்து நின்றிருக்கிறார். மனோகரனின் முகத்தைப் பார்த்தேன். அச்சு அசல் வேண்டும் என்று சண்டை போட்டவனுக்கு வாயெல்லாம் சிரிப்பு.

ஆனால் சேதுராமன் என் பக்கம் திரும்பிவிட்டார். "முடிஞ்சுதில்ல ஜமால்? பிரிக்கச் சொல்லுங்க. வாக்கு குடுத்தீங்க."

நான் அக்காவைப் பார்த்தேன்.

"வாக்கு குடுத்தவங்க பிரிக்கட்டும்" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "ஒரு தடவை அவங்கப்பா பிரிச்சாரு. மறுபடி பிரிச்சாரு. இப்ப நீங்க பிரிங்க தம்பி. என் தெருவுல ஒருத்தரு கை வைக்க மாட்டாங்க."

தெருவில் அவ்வளவு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். வாக்கை மீறினால் எங்கள் அத்தாவின் பெயர் திருவாரூரில் அன்றே அடிபட்டுவிடும். அதைவிட, நாளைக்கு இந்த ஊரில் படம் எடுக்க யார் வந்தாலும் ஒருவரும் ஒரு சாண் இடம் தர மாட்டார்கள். வாக்கைக் காப்பாற்றினால், பண்ணையாட்கள் செய்த வேலையை மூன்றாம் முறை நாங்கள் செய்வோம், கையில் கேமராவோடு. அப்படி ஒரு படம் எனக்கு வேண்டாம் என்பது மட்டும் அந்த நேரத்தில் தெளிவாகத் தெரிந்தது. வேறு எதுவும் தெளிவாக இல்லை.

கோமதி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார். "பிரிச்சாத்தான் எடுக்க முடியுமா? இப்பத்தானே எல்லாருமா தூக்கி வெச்சாங்க?"

காத்தையன் சிரித்துவிட்டார். "அது வெறும் சட்டம்மா. இப்ப கீத்து ஏறியிருக்கு, காலும் சேர்ந்து வரணும். கனக்கும்." பிறகு தெருவை ஒரு பார்வை பார்த்தார். "ஆனா ஆளு இருக்கே."

நான் நேராகச் சேதுராமனிடம் போகவில்லை. முதலில் அக்காவிடம் போனேன். அந்த வரிசையை மாற்றியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

"அக்கா, பிரிக்கல. வீட்டை அப்படியே தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடலாமா? காலனி வாசல் பொறம்போக்குல வெச்சுடலாம்."

அவர் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மூலைக் காலை அசைத்துப் பார்த்தார். "ஒரு கீத்து கீழ விழக் கூடாது."

"விழாதுக்கா."

அவரே சேதுராமனிடம் போய் நின்றார். "தூக்கிட்டுப் போறோமுங்க. விட்டுக் குடுத்துட்டோம்னு நெனச்சுடாதீங்க. ஆபீசுல என் மனு அப்படியேதான் இருக்கும்."

"மனுவைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார் அவர். அந்த ஒரு விநாடி வக்கீல் போலவே பேசவில்லை.

மனோகரன் இரண்டாம் சுருளை என் கையில் வைத்தான். அழுகைக்கென்று நான் ஒதுக்கியிருந்த சுருள். "அக்கா மொகத்தைப் பாத்தியா? அழுகையெல்லாம் வேண்டாம்டா. இதை எடு."

தம்பிகளே, தங்கைகளே, வீடு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கவைக்கால்களைப் பிடித்து அசைத்தார்கள். மண்ணோடு பிடுங்கிக்கொண்டு நாலு மூலையும் ஒன்றாக எழுந்தன. ஆண்களும் பெண்களும் கூரைக்குள்ளேயே நுழைந்து தாங்கிக்கொண்டார்கள். இறவாரத்துக்குக் கீழே கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அறுத்த நெல்தாளுக்கு மேல் அத்தனை கால்களோடு ஒரு வீடு நடந்தது. அஞ்சலை அக்கா முன்னால் கையைக் காட்டியபடி பின்னோக்கி நடந்தார். "இந்தாண்ட வா! வாய்க்கா வருது, காலைப் பாத்து வை! சின்னப்பொண்ணு, மூலையை எறக்காத!" வறண்ட வாய்க்காலில் இறங்கியபோது வீடு ஒரு பக்கம் சாய்ந்தது. எல்லோர் வாயிலிருந்தும் ஒரே சத்தம். நிமிர்ந்தது. மறுகரை ஏறியது.

ரோட்டுக்கு வந்தபோது நாகப்பட்டினத்துப் பஸ் ஹாரனை அடித்துக்கொண்டு வந்து நின்றது. சப் இன்ஸ்பெக்டர் என்ன நினைத்தாரோ, ரோட்டின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்துப் பஸ்ஸை நிறுத்திவைத்தார். ஜன்னலெல்லாம் தலைகள். கண்டக்டர் இறங்கி வந்து, "என்னங்க இது, வீட்டுக்கு டிக்கெட் போடணுமா?" என்றார். பஸ்ஸிலிருந்து பத்துப் பதினைந்து பேர் குதித்து, யார் வீடு, எங்கே போகிறது என்று ஒன்றும் கேட்காமல் கூரைக்குக் கீழே தோள் கொடுத்தார்கள். நான் குனிந்து, வீட்டுக்கு உள்ளே புகுந்து, அவர்களோடேயே நடந்து எடுத்தேன். வேர்வை, மூச்சு, சிரிப்பு, கீற்று இடுக்கில் வந்து விழும் வெயில். என் வாழ்க்கையில் நான் எடுத்த மிக நல்ல ஷாட் அது. ஃபோகஸ் பாதிக்கு மேல் சரியில்லை.

காலனி வாசலில் வீட்டை இறக்கியபோது பொழுது இன்னும் சாயவில்லை. ஒரு கீற்றும் விழவில்லை. தெரு கத்திய கத்தலில் வாய்க்கால் கரைக் கொக்கெல்லாம் எழும்பிப் போனது. அக்கா உள்ளே போய் நடுவில் நின்று, மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே வந்தார். அப்போதும் அழவில்லை. சிரித்தார், நன்றாக, பல் தெரிய. அதையும் எடுத்தேன்.

படத்தை ஒட்டி முடித்ததும் ஊரில் காட்டுவதற்கு முன்னால் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு சேதுராமன் வீட்டுக்குப் போனேன். மனோகரன் வேண்டாம் என்றான். வெட்டச் சொன்னால் என்ன செய்வாய் என்றான். சொன்னால் வெட்டத்தான் வேண்டும் என்றார் கோமதி. நானும் அதற்குத் தயாராகத்தான் போனேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தார். தன் உருவம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முடிந்ததும் அவர் மனைவிதான், "அச்சு அசலா உங்கப்பா நிக்கிற மாதிரியே நிக்கிறீங்க" என்றார்.

"பக்கத்துல வந்து எடுக்கலையே, ஏன்?" என்று சேதுராமன் என்னிடம் கேட்டார்.

"தோணல சார்."

"வாக்கையும் காப்பாத்திட்டீங்க." எழுந்து விளக்கைப் போட்டார். "இருக்கட்டும். ஒண்ணும் வெட்ட வேண்டாம்."

சில வருஷம் கழித்து அந்த மனைக்கு அக்காவின் பெயரில் பட்டா வந்தது. படத்தால் வந்தது என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பாதீர்கள். அவர் விடாமல் ஆபீஸ் ஏறி இறங்கியதால் வந்தது. கடைசி விசாரணைக்குச் சேதுராமன் ஆட்சேபணை சொல்ல வரவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டேன். ஏன் என்று நான் விசாரிக்கவில்லை.

முதல் காட்சி அதே களத்து மேட்டில். பொழுது இறங்கியதும் திரை கட்டினோம். காலனியும் ஊரும் சுற்றுவட்டாரமும் வந்திருந்தன. சப் இன்ஸ்பெக்டர் கீற்றை வாங்கிக் கொடுத்தபோது எழுந்த சிரிப்பில் புரொஜெக்டர் சத்தமே கேட்கவில்லை. வீடு எழுந்து நடக்கத் தொடங்கியதும் கூட்டமும் எழுந்துவிட்டது. பின்னால் இருந்தவர்களுக்குத் திரை மறைந்தாலும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. பஸ் வந்து நின்றதும் விசில். அக்கா சிரித்ததும் மறுபடி போடச் சொல்லிக் கத்தினார்கள். மறுபடி போட்டோம்.

முடிந்த பிறகு டீக்கடை முருகையன் மனோகரனின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"கொண்டாந்துட்டீங்களே தம்பி! அதே படம். ஒண்ணு மாறல. அந்த வீடு நடந்து போவும்ல, அதைத்தான் நான் இத்தனை வருசமா எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

சுற்றி நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர், பழைய படத்தில் பஸ் சிவப்பு நிறம் என்றார்.

மனோகரன் மறுத்துச் சொல்ல வாயெடுத்தான். பழைய படத்தில் வீடு நடக்கவில்லை, அது மறுநாளே தரையில் கிடந்தது என்று சொல்லத்தான். அதற்குள் அஞ்சலை அக்கா அவன் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

"ஆமாண்ணே" என்றார் முருகையனிடம். "அப்பவே நடந்து போச்சு."